மாமியாரின் தாத்தாவுக்கு ஓர் இனிஷியல்

என் மாமியாரின் தாத்தா பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே அவருடைய அப்பா கடலில் மூழ்கி இறந்துவிட்டார். நான்கு மாதம் கண்விழித்து, சம்பளத்தில் ஒரு பங்கைச் சான்றிதழ்களுக்கு அழுது, நான் நிரூபித்த உண்மை இது. ஜனவரி மாதத்து இரவொன்றில் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. 1879ல் செத்தவருக்கு 1884ல் பிள்ளை. சிரிப்பு அடங்கியதும் ஒரு கூச்சம் வந்தது. யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன அறைக்குள் செருப்புக் காலோடு நுழைந்துவிட்ட கூச்சம். அது இன்னும் போகவில்லை.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நார்ஃபோக். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் கடலை முட்டிக்கொண்டு நிற்கும் மாவட்டம். மலை கிடையாது, குன்று என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். எங்கு பார்த்தாலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல், நடுநடுவே கருங்கல் போன்ற ஃபிளின்ட் கற்களால் கட்டிய தேவாலயங்கள். இடைக்காலத்துத் தேவாலயங்கள் மட்டும் 650க்கு மேல். என் கணவரின் தாய்வழி உறவு முழுவதும் டியரம் என்ற சிறு நகரைச் சுற்றி ஆறேழு மைலுக்குள்ளேயே பிறந்து, மணந்து, புதைந்திருக்கிறது. மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கும் குடும்பத்திலிருந்து வந்தவள் நான். எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். திருமணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. இப்போது தொலைபேசியில் அவரே "ஆட்டே பேசுகிறேன்" என்கிறார். வயது 84. போன வருடம் வீட்டை ஒழித்தபோது ஒரு பழைய மிட்டாய் டப்பாவை என் கையில் கொடுத்து, "நீதான் இதையெல்லாம் படிப்பவள், வைத்துக்கொள்" என்றார். அதில் ரேஷன் புத்தகம், இரண்டு பொத்தான்கள், அவருடைய தாத்தாவின் 1908ம் வருடத் திருமணச் சான்றிதழ். மணமகனின் தந்தை பெயர் என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் மீனவர், காலமாகிவிட்டார் என்று இருந்தது.

கடல் கொண்ட கொள்ளுத்தாத்தா

வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். கிரேட் யார்மத் துறைமுகத்திலிருந்து ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போனவர், புயலில் திரும்பி வரவில்லை. என் கணவர் சிறுவயதில் அதைப் பள்ளிக்கூடக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் சொல்லித்தரும் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒவ்வொரு படியாகப் பின்னால் போ என்பது. அதாவது முதலில் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வாங்கியிருக்க வேண்டும். எனக்குக் கடல் வேண்டியிருந்தது. படிகளைத் தாண்டிக் குதித்தேன்.

தேடுவதே ஒரு தனிப் போராட்டம். இந்த ஊரில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. 'விமண்டம்' என்று எழுதிவிட்டு 'விண்டம்' என்பார்கள். 'ஹாப்பிஸ்பர்க்' என்று எழுதியிருப்பதை 'ஹேஸ்புரோ' என்று படிக்க வேண்டும். தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கியவர்கள் சொந்த ஊர்ப்பெயர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனதால், ஒரே குடும்பம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வேறு எழுத்துக்கூட்டலில் வருகிறது. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1931 கணக்கெடுப்பு முழுவதும் 1942ல் ஒரு கிடங்குத் தீயில் போய்விட்டது. குண்டு விழவில்லை, சும்மா பிடித்த தீ.

இப்படியெல்லாம் முட்டி மோதி, அதே பெயரில் யார்மத்தில் ஒரு மீனவரைக் கண்டுபிடித்தேன். படகோடு மூழ்கியிருந்தார். வயதும் ஏறக்குறையப் பொருந்தியது. அன்று இரவே அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அந்த மீனவர் இறந்த வருடத்தைச் சரிபார்க்க எனக்குத் தோன்றியது அதற்கும் மூன்று வாரம் கழித்து.

ஒரு சிறு கோடு

அதன் பிறகுதான் புத்தி வந்து முதல் படிக்குத் திரும்பினேன். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவேட்டில் ஏறுகின்றன. அதன் அட்டவணையை இணையத்தில் தேடலாம். பிள்ளையின் பெயருக்கு நேரே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருக்கும். தாத்தாவின் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. தாயின் குடும்பப்பெயரும் பிள்ளையின் குடும்பப்பெயரும் ஒன்றே என்றால் அங்கே கோடுதான் வரும். அதற்கு என்ன பொருள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சான்றிதழ் வந்தது. பிறந்த இடம்: கிரெஸன்ஹால் யூனியன் வொர்க்ஹவுஸ். ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கிச் சோறு போட்ட இடம். நம் கஞ்சித்தொட்டிக்கும் சிறைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. 1777ல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். என் பிள்ளைகளை அங்கே இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறேன். கேக் நன்றாக இருக்கும். மணமாகாத தாய்மார்களுக்கு ஒரு காலத்தில் அங்கே தனியாக ஒரு ஜாக்கெட் மாட்டிவிட்டு, 'ஜாக்கெட் பெண்கள்' என்றே அழைத்தார்கள் என்று எழுதிவைத்த பலகையைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு, கேக் சாப்பிடப் போனவள் நான். என் பிள்ளைகளின் ரத்தம் அந்தச் சுவருக்குள் பிறந்தது என்று அப்போது தெரியாது.

தந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பதிவாளர் ஒரு கோடு இழுத்திருந்தார். 1875க்குப் பிறகு, மணமாகாத பெண்ணின் பிள்ளைக்குத் தந்தை பெயர் எழுத வேண்டுமென்றால் அந்த ஆணும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரவில்லை. ஆனால் பிள்ளையின் பெயரில் ஒரு விசித்திரம். முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவில் ஒரு பெயர். அது முதற்பெயராக வைக்கக்கூடிய பெயரே அல்ல. வேறு ஒரு குடும்பத்தின் குடும்பப்பெயர். இங்கே பழகியவர்கள் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்களாம். எனக்கும் புரிந்தது, வேறு வழியில். நம் ஊரில் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்துக்காகப் பள்ளிக்கூடச் சேர்க்கை மேசைக்கு முன்னால் எத்தனை தாய்மார்கள் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள்! பத்தொன்பது வயதுப் பண்ணை வேலைக்காரி, வொர்க்ஹவுஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு, பதிவாளர் எழுத மறுத்த பெயரைப் பிள்ளையின் பெயருக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டாள். இனிஷியல் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பப்பெயர்க்காரர்கள் இன்னும் அதே சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். 1881 கணக்கெடுப்பில் ஐந்து மைலுக்குள் அதே பெயரில் மூன்று வீடுகள்: ஒரு பண்ணைக்காரர், ஒரு கொல்லர், ஒரு கூலிக்காரர். மூன்று வீட்டிலும் வயதுப் பையன்கள். என் மனம் உடனே பண்ணைக்காரர் மகனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நாம் கேட்டு வளர்ந்த கதைகள் அப்படி. ஆதாரம் என்று பார்த்தால் கொல்லர் மகனுக்கும் அதே அளவுதான்.

நார்விச்சில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1994ல் நகர மைய நூலகம் எரிந்தபோது அதன் அடித்தளத்தில் இருந்து தப்பிப் பிழைத்த ஆவணங்கள் இப்போது மார்ட்டினோ லேனில் புதுக் கட்டடத்தில் இருக்கின்றன. பேனா கூடாது, பென்சில் மட்டும். புத்தகத்தின் முதுகு வளையாமல் இருக்கத் தலையணை மாதிரி ஸ்பாஞ்சு தருவார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தில் பாதிரியார் 'மணமாகாத பெண்' என்று எழுதியிருந்தார். அதுவே தொழில். தேடி வந்தது கிடைத்துவிட்டது, எழுந்து போயிருக்கலாம். ஆனால் பக்கத்து ஊரின் பழைய கட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 1834க்கு முன்னால் இப்படிப் பிள்ளை பெற்றவளை ஊர் அதிகாரிகள் விசாரித்து, தகப்பன் பெயரைக் கறந்து, அவனிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். பிரசவ வலியில் துடிக்கும்போது மருத்துவச்சியை விட்டுக் கேட்க வைப்பார்களாம். இரக்கத்தால் அல்ல, பிள்ளைக்குச் சோறு போடும் செலவு ஊர் தலையில் விழக்கூடாது என்பதற்காக. 1834 சட்டம் பாரத்தைத் தாயின் தலையிலேயே தள்ளியது. பத்து வருடம் கழித்து, அவளே நீதிபதிகள் முன் போய் வழக்காடலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். அறுபது வருடம் முன்னால் பெற்றிருந்தால் அவளுடைய ரகசியம் எனக்கு மையில் எழுதிக் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டிய காகிதம் ஒருத்தியின் அவமானத்திலிருந்து செய்யப்படுவது என்று அந்த ஸ்பாஞ்சுத் தலையணைக்கு முன் உட்கார்ந்துதான் உறைத்தது. அதற்காகக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. மூடும் நேரம் வரை படித்தேன்.

ஆறு, ஐந்து

என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நீ மாமியார் மூலத்தையே தோண்டுகிறாயா?" என்றார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்த 1908 சான்றிதழ் என்னை விடவில்லை. மணமகனாக நின்ற இளைஞன், பாதிரியார் கேட்டபோது ஒரு தகப்பனை உண்டாக்கியிருக்கிறான். குடும்பப்பெயர் தன்னுடையது, முதற்பெயர் சொந்தக் கற்பனை, தொழில் மீனவர், அதோடு காலமாகியும் விட்டார். தேடிப்போக யாரும் இல்லை. சாமர்த்தியம்தான். ஆனால் அந்தத் தாளில் வேறொன்றும் இருக்கிறது, அல்லது இல்லை. தாயின் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது. இங்கிலாந்தின் திருமணப் பதிவில் தாயின் பெயருக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான். இல்லாத அப்பாவுக்கு இரண்டு கட்டம். இருந்த அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. நானும் நான்கு மாதம் என்ன செய்தேன்? இல்லாதவரைத் தேடி யார்மத் கடலில் துழாவினேன். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் முழுசாக இருக்கிறது. அவளைத் தேட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

தேடினால் அவள் எங்கும் போய்விடவில்லை. 1891ல் ஏழு வயதுப் பையன், தாத்தா பாட்டி வீட்டில், பேரன் என்று. அவள் அதற்கு இரண்டு வருடம் முன்பே பண்ணைக் கூலி ஒருவரை மணந்து நான்கு மைல் தள்ளி இருக்கிறாள். 1901ல் பையனுக்குப் பதினேழு, 'டீம்மேன்'. ஏர்க்குதிரைகளை ஓட்டுபவரை நார்ஃபோக்கில் அப்படிச் சொல்வார்கள். அவளுக்கு அதற்குள் கைநிறையப் பிள்ளைகள்.

1911 கணக்கெடுப்பு மற்றவை போல் அல்ல. முந்தைய கணக்கெடுப்புகளில் அதிகாரி பார்த்து எழுதிய நகல்தான் மிஞ்சியிருக்கிறது. 1911ல் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிக் கொடுத்த படிவமே பத்திரமாக இருக்கிறது. அதில் மணமான பெண்களிடம் ஒரு கேள்வி: இந்தத் திருமணத்தில் உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. அவள் வீட்டுப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது திறந்தேன். கணவனின் கோணல் கையெழுத்து. பிறந்தது ஆறு. இருப்பது ஆறு. இறந்தது இல்லை. அந்த இரண்டு ஆறுகளின் மேலும் வேறு மையில் ஒரு கோடு. பக்கத்தில், பழகிய குமாஸ்தாக் கையெழுத்தில், ஐந்து, ஐந்து.

பதிவு அட்டவணையில் எண்ணிப் பார்த்தேன். அந்தத் திருமணத்தில் பிறந்தவர்கள் ஐந்து பேர்தான். கேள்வி 'இந்தத் திருமணத்தில்' என்று கேட்டதால் குமாஸ்தா திருத்தியது சரி. சட்டப்படி ஆறு பிழை. ஆனால் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூலிக்காரர் கேட்டிருப்பார், எத்தனை என்று. அவள் ஆறு என்றிருப்பாள். அவரும் மறுக்காமல் ஆறு என்றே எழுதியிருப்பார். அல்லது அவள் சொல்லாமல் அவரே எழுதினாரோ. அந்த அடுக்களையில் நடந்ததை எந்தக் காப்பகமும் சொல்லாது. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதிலும் இருக்கிறாள், 56 வயது விதவையாக, மகன் வீட்டிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத் தூரத்தில்.

குதிரைப் பெயர்கள்

அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு மாதம் ஊசலாடினேன். கணவர், "அவர் திடமானவர், சொல்" என்றார். அதே மூச்சில், "நீயே சொல்" என்றார். கடைசியில் காகிதங்களை ஓர் உறையில் போட்டுக்கொண்டு போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் வொர்க்ஹவுஸ் என்ற சொல்லைச் சொல்லாமல் கிரெஸன்ஹால் என்றேன். அவருக்கு அது போதும். அந்தத் தலைமுறை நார்ஃபோக் வீடுகளில் அந்த ஊர்ப்பெயரை ஏன் மெதுவாகச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. அவர் அழவில்லை, கோபப்படவில்லை. அந்த நடுப்பெயரில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தாத்தா சாகும்போது அத்தைக்குப் பதினாறு வயது, நன்றாக நினைவிருக்கிறது. தாத்தா எங்கும் 'பி' என்ற ஓர் எழுத்தைத்தான் போடுவார். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம், தாத்தா, 'பி' என்றால் என்ன? ஒருநாள் பாக்சர் என்பார். இன்னொரு நாள் பிளாஸம். மற்றொரு நாள் பியூட்டி. எல்லாம் அவர் ஓட்டிய குதிரைகளின் பெயர்கள். "எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்போம்" என்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "நாங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறோம்" என்று மறுபடி சொன்னார்.

எச்சிலைக் குழாயில் அனுப்பி மரபணுப் பொருத்தம் பார்க்கலாம், பண்ணைக்காரரா கொல்லரா என்று தெரிந்துவிடக்கூடும் என்றேன். வேண்டாம் என்றார். குடும்ப மரத்தில் தாத்தாவின் அப்பா இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவர் என்ன எழுதினாரோ அதையே எழுது" என்றார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பொய் என்று தெரிந்ததை மரத்தில் ஏற்றினால், நாளை யாராவது ஒருவர் அதை நம்பி என்னைப் போலவே கடலில் துழாவுவார். அதனால் மீனவரை எழுதி, தேதிகளைக் காலியாக விட்டு, கீழே 1908 சான்றிதழில் மணமகன் கூறியபடி என்று சேர்த்துவிட்டேன்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை. "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்றார். சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. சொன்னேன். 84 வயது வரை அந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 1911 படிவத்தைக் காட்டினேன். அடித்திருந்த ஆறைக் காட்டினேன். "ஆறு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, உறையில் எல்லாவற்றையும் திருப்பி வைத்தவர் அந்த ஒரு தாளை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

போன மாதம் கல்லறைக்குப் போனோம். வட்டக் கோபுரம் வைத்த சிறிய தேவாலயம், மூன்று பக்கமும் வயல். தாத்தாவின் கல்லில் பாசி படர்ந்திருந்தது. முதற்பெயர், 'பி', குடும்பப்பெயர். அத்தை கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அந்த ஓர் எழுத்தின் மேலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"இன்றைக்கு இது என்ன, அத்தை?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார்.

"பிளாஸம்" என்றார்.